பிரேக் போட்டால் நடுங்கும் வண்டி

அந்தப் பக்கத்தில் டீச்சர் என்று சொன்னால் எல்லாரும் ஒருவரைத்தான் நினைத்துக்கொள்வார்கள். கரும்பலகையையும் சாக்பீஸையும் அவர் தொட்டதே இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். கூரையின் மேல் பலகை மாட்டிய சின்ன வெள்ளைக் கார் ஒன்று, பக்கத்து சீட்டின் கால்மாட்டில் கூடுதலாக ஒரு பிரேக் பெடல், முன்கண்ணாடியில் ஒட்டவைத்த இன்னொரு சின்னக் கண்ணாடி. பள்ளிக்கூடம் என்று சொல்ல அவரிடம் இருந்தது அவ்வளவுதான்.

அவரிடம் வந்து சேர்ந்தவர்களில் பாதிப் பேர் வேறு இடங்களில் திட்டு வாங்கி, போதும்டா சாமி என்று ஓடி வந்தவர்கள். ஸ்டியரிங்கைத் தொட்டாலே உள்ளங்கை வேர்க்கிறவர்கள், லாரியைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள். டீச்சர் சத்தம் போட மாட்டார். வண்டி நடுரோட்டில் அணைந்து நின்று, பின்னால் வருகிறவர்கள் ஹாரனை விடாமல் அழுத்தினாலும், "அவங்க அடிச்சிட்டு இருக்கட்டும். நம்ம வேலைய நாம பார்ப்போம். சாவியத் திருப்புங்க" என்பார். இதே டீச்சருக்கு வீட்டில் மூக்கின் மேல் கோபம் என்பது அவர் கணவருக்கும் தம்பிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

தம்பிக்கு ஒரு மெக்கானிக் கடை இருந்தது. டீச்சர் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். இரண்டு வண்டி உள்ளே நின்றால் மூன்றாவது வண்டி தெருவில் நிற்க வேண்டும், அவ்வளவு சின்னக் கடை. கறுத்துப்போன சுவர், ஆணி ஆணியாக அடித்து அளவு வாரியாகத் தொங்கவிட்ட ஸ்பேனர்கள், மூலையில் கறை படிந்த ஒரு வாஷ்பேசின். அக்காவின் வண்டியை வேறு யாரும் தொடக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம்.

ஒருநாள் மாலை டீச்சர் வண்டியைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினார்.

"பிரேக் போட்டா வண்டி நடுங்குதுடா."

"எங்க நடுங்குது? ஸ்டியரிங்லயா, சீட்லயா?"

"ஓட்டுறது நானா? பக்கத்துல உக்காந்திருக்கேன். ஓட்டுறவங்க கை டைப் அடிக்கிற மாதிரி ஆடுது. ஒருத்தர் பயந்துபோய் கையையே எடுத்துட்டார்."

தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தான். பிரேக் போடாமல் போகும்போது வண்டி பூப்போலப் போனது. அதனால் டயரிலோ வீல் பாலன்ஸிலோ கோளாறு இல்லை. பிரேக்கை அழுத்தினால் மட்டும் ஸ்டியரிங் கையில் படபடத்தது. முதுகுக்குக் கீழே சீட்டில் ஒன்றும் தெரியவில்லை. அப்படியானால் பின்சக்கரம் இல்லை, முன்சக்கரம்தான். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினான். உள்ளே இருந்த பிரேக் டிஸ்க், அதாவது பிரேக் பேட்கள் இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற அந்த இரும்புத் தட்டு, ஒரே நிறமாக இல்லை. அங்கங்கே நீலம் பாய்ந்து, கறுப்புத் திட்டுகளாக இருந்தது.

"நல்லா சூடேறி இருக்கு. மலைப்பாதைக்குப் போனியா?"

"இந்த ஊர்ல மலை எங்கடா இருக்கு?"

"அதான் எனக்கும் புரியல. மலையில இருந்து இறங்குற வண்டி டிஸ்க்குதான் இப்படி இருக்கும். சைக்கிள்காரன் முந்திட்டுப் போற உன் வண்டிக்கு ஏன் இவ்வளவு சூடு?"

டிஸ்க்கின் ஓரத்தில் அளவுமானியை வைத்துத் தட்டை மெல்லச் சுற்றினான். முள் ஒரு இடத்தில் ஏறி, ஒரு இடத்தில் இறங்கியது. தட்டின் முகம் ஒரே மட்டமாக இல்லை என்று அர்த்தம். பேட் அதைக் கவ்வும்போது மேடும் பள்ளமும் மாறி மாறி வர, அந்த உதறல்தான் ஸ்டியரிங் வரைக்கும் போகிறது. டிஸ்க்கை லேத் பட்டறையில் கொடுத்து மட்டமாகச் சீவி, பேட்களை மாற்றி, வீல் நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகச் சமமாக இறுக்கிக் கொடுத்தான். நடுக்கம் நின்றது. டீச்சர் தன் கையால் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தார். அது அபூர்வம்.

சில வாரங்கள்தான். மறுபடியும் ஸ்டியரிங் ஆட ஆரம்பித்தது.

இந்தத் தடவை தம்பி புது டிஸ்க்கே வாங்கி மாட்டினான். டிஸ்க் உட்காருகிற இடத்தில் துரு இருந்தால் தட்டு சாய்ந்து உட்காரும் என்று அதைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினான். பேட்களை அழுத்துகிற காலிப்பர் ஒட்டிக்கொண்டு விடாமல் இருக்கிறதோ என்று அதைப் பிரித்து, துடைத்து, கிரீஸ் போட்டான். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால் காற்றாடி மாதிரி சுற்றியது. எதுவும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ஆனாலும் கொஞ்ச நாளில் டீச்சர் வந்து நின்றார்.

"இப்ப என்ன?"

"அதேதான்."

"இருக்க முடியாது."

"அப்ப நான் பொய் சொல்றேனா? எங்கேயாவது மலிவா கிடைச்சதை வாங்கி மாட்டியிருப்ப. அக்கா வண்டிதானேன்னு."

தம்பி கையிலிருந்த துணியைத் தரையில் எறிந்தான். "ஊர் வண்டிக்கெல்லாம் நல்ல சாமான் போட்டுட்டு உனக்கு மட்டும் மட்டமா போடுவேனா? பேசுறதை யோசிச்சுப் பேசுக்கா."

டீச்சர் யோசிக்கவில்லை. அன்றே வண்டியைப் பெரிய சாலையில் கண்ணாடி போட்ட ஒரு பெரிய கடைக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே ஏ.சி. அறையில் உட்காரவைத்தார்கள், டிஸ்க்கை மாற்றினார்கள், டயரை மாற்றினார்கள், முன்சக்கரங்களின் சாய்வைச் சரிபார்த்தார்கள். வண்டி நன்றாக ஓடியது. பிறகு அங்கே போட்ட டிஸ்க்கும் ஆட ஆரம்பித்தது. அதைத் தம்பியிடம் சொல்ல டீச்சருக்கு மனம் வரவில்லை. அவர் கணவர்தான் போகிற போக்கில் அவன் காதில் போட்டுவிட்டு வந்தார். தம்பிக்கு ஒரு பக்கம் சிரிப்பு, மறுபக்கம் எரிச்சல். இரண்டு கடையின் கையிலும் நிற்காத கோளாறு என்றால் அது சாமானில் இல்லை, வேறு எங்கோ இருக்கிறது என்பது மட்டும் அவனுக்கு உறைத்தது.

அந்த நாட்களில் டீச்சருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அவரிடம் படித்தவர்கள் பாடத்தில் நன்றாக ஓட்டுவார்கள். லைசென்ஸ் பரீட்சைக்குப் போனால் கோட்டை விடுவார்கள். எல்லாரும் ஒரே இடத்தில்தான். நிறுத்தக் கோட்டைத் தாண்டிப் போய் வண்டியை நிறுத்துவார்கள். எப்படியோ தேறியவர்களும் தங்கள் சொந்த வண்டியை வெளியே எடுக்கத் தயங்கினார்கள். "பதட்டம். வேற ஒண்ணும் இல்ல. மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்று டீச்சர் தேற்றுவார்.

அப்படித் தோற்றவர்களில் ஒருவர் ஒரு தையல்காரம்மா. வயது ஐம்பதைத் தாண்டியவர். ஆஸ்பத்திரி ஆட்களுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிற வேலை. தைத்த துணி மூட்டைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர் கணவர். கணவருக்குக் கண்ணில் அழுத்தம் கூடி, பக்கவாட்டில் வருவது தெரியாமல் போனதும் டாக்டர் வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். வண்டி ஷெட்டில் நின்றது. மூட்டைகள் வாடகை வண்டியில் போயின. "மெஷினை மிதிக்கிற காலுக்கு இதையும் மிதிக்கத் தெரியாதா?" என்று சொல்லித்தான் அந்த அம்மா டீச்சரிடம் வந்து சேர்ந்தார். பாடத்தில் படு சமர்த்து. பரீட்சையில் ஒவ்வொரு முறையும் கோட்டைத் தாண்டினார்.

"உங்க பக்கத்துல ஓட்டினா நிக்குது டீச்சர். அந்த ஆபீசர் பக்கத்துல உக்காந்தா நிக்க மாட்டேங்குது. எங்க வீட்டு வண்டி அதுக்கும் மேல. நேத்து இவரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஷெட்டுக்குள்ள விட்டேன். கதவு நெளிஞ்சு போச்சு. இவர் சொல்றார், நல்லவேளை எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, தெரிஞ்சிருந்தா இன்னும் பயந்திருப்பேன்னு."

டீச்சர் சிரித்துவிட்டு, "பதட்டப்படாதீங்க" என்றார்.

அதற்கடுத்த நாட்களில் ஒருநாள் தம்பி பைக்கில் உதிரிபாகம் வாங்கப் போய்க்கொண்டிருந்தான். கிடங்குகளின் பின்னால் போகிற நீண்ட நேர்ச்சாலை. முன்னால் அக்காவின் வெள்ளைக் கார் போய்க்கொண்டிருந்தது. கோபம் இன்னும் ஆறாததால் முந்திப் போய் முகம் காட்ட அவனுக்கு விருப்பமில்லை. பின்னாலேயே மெதுவாகப் போனான். அப்போதுதான் கவனித்தான், காரின் பிரேக் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வண்டி நிற்கப் போகிறது என்று நினைத்தான். நிற்கவில்லை. எதிரே ஒரு ஈ காக்காய் இல்லை. கார் ஒரே வேகத்தில் போகிறது, விளக்கும் எரிகிறது. பாலத்தின் மேட்டில் ஏறும்போதும் எரிந்தது. மேடு ஏறும்போது யாராவது பிரேக் பிடிப்பார்களா?

பாலத்துக்கு அப்பால் ஹாரன் அடித்து ஓரங்கட்டச் சொன்னான். ஸ்டியரிங்கில் தையல்காரம்மா இருந்தார்.

"என்னடா?" என்றார் டீச்சர்.

"பிரேக் லைட் அணையாம எரியுது. சுவிட்ச் ஒட்டிக்கிச்சோ என்னமோ. பார்க்கலாம்."

இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தபோது விளக்கு அணைந்திருந்தது. தையல்காரம்மாவைப் பெடலை மிதித்து மிதித்து விடச் சொன்னான். மிதித்தால் எரிந்தது, விட்டால் அணைந்தது. சுவிட்ச் பழுதில்லை. சக்கரத்தின் அருகே புறங்கையைக் கொண்டுபோனான். அனல் அடித்தது.

அப்படியானால் இந்த அம்மா பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறார் என்று முதலில் நினைத்தான். புதிதாகக் கற்பவர்கள் சிலர் அப்படிச் செய்வார்கள்தான். ஆனால் இவர் சேர்வதற்கு முன்பே டிஸ்க் கெட்டது. எல்லா மாணவர்களுமா ஒரே தப்பைச் செய்வார்கள்?

"அக்கா, நான் பின்னால உக்காந்து வரேன். ஒரு சத்தம் கேக்குது, என்னன்னு பார்க்கணும்" என்று ஒரு பொய்யைச் சொல்லி, பைக்கைப் பூட்டிவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டான்.

அந்தக் காரில் பின்கண்ணாடியின் உட்புறமும் ஒரு பிரேக் விளக்கு உண்டு. அது எரிந்தால் கண்ணாடியில் சிவப்பு படரும். வண்டி கிளம்பியது. தம்பி திரும்பிப் பார்த்தான். சிவப்பு. முன்பக்கம் குனிந்து தையல்காரம்மாவின் கால்களைப் பார்த்தான். ஒரு கால் ஆக்ஸிலேட்டரில், இன்னொன்று தரையில். பிரேக் பக்கமே அந்தக் கால் போகவில்லை. பிறகு அக்காவின் காலைப் பார்த்தான். செருப்பின் நுனி பக்கத்து பெடலின் மேல் இருந்தது. அழுத்திக்கொண்டிருப்பதாகச் சொல்ல முடியாது. ஒரு பூனை பாதம் வைத்த மாதிரி, அவ்வளவுதான். ஆனால் கெண்டைச் சதை கயிறு போல முறுக்கிக்கொண்டிருந்தது. முகமோ சாந்தமாக இருந்தது. "அழகா ஓட்டுறீங்க, அப்படியே போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தம்பிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாணவர் முன்னால் அக்காவை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் வாயை மூடிக்கொண்டு வந்தான்.

மாலையில் கடையில் வைத்துச் சொன்னான்.

"கண்டுபிடிச்சிட்டேன். உன் கால்தான்."

"என்ன காலு?"

"பாடம் முழுக்க நீ பிரேக்ல கால வெச்சிருக்க. அவங்க ஆக்ஸிலேட்டர் மிதிக்கிறாங்க, நீ பிரேக் மிதிக்கிற. பேட் டிஸ்க்கை உரசிக்கிட்டே இருக்கு. சூடேறி, பேட்ல இருக்கறது திட்டுத்திட்டா டிஸ்க்ல ஒட்டிக்குது. எத்தனை புது டிஸ்க் போட்டாலும் இதே கதைதான்."

டீச்சருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "என் கால் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? உன்னால சரிபண்ண முடியலன்னு சொல்லு, ஒத்துக்கறேன். பழியத் தூக்கி என் கால்ல போடாத."

"சரி, நான் சொல்றது தப்புன்னே வெச்சுக்கோ. ஒரு சின்ன பஸ்ஸர் மாட்டுறேன். உன் பெடலைத் தொட்டா மட்டும் சத்தம் வரும். வரலன்னா நான் இந்தக் கடையை மூடிட்டு உன்கிட்ட வண்டி ஓட்டக் கத்துக்க வரேன்."

"மாட்டு. மாட்டிட்டுப் பேசு."

மறுநாள் காலை முதல் பாடம் தையல்காரம்மாவுக்கு. வீட்டு வாசலிலிருந்து வண்டி நகர்ந்ததுதான் தாமதம், கால்மாட்டிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். தெருமுனை வரைக்கும் நிற்கவில்லை. தம்பி ஒயரைத் தப்பாக இணைத்திருக்கிறான் என்று டீச்சர் நினைத்தார். குனிந்து பார்ப்பதற்காகக் காலை நகர்த்தினார். சத்தம் நின்றது. நிமிர்ந்து உட்கார்ந்து, "ம், போங்க" என்றார். கீச். கால் பெடலின் மேல் இருந்தது. அவர் வைக்கவில்லை. ஆனால் இருந்தது.

தையல்காரம்மா மிரண்டுபோனார். "நான் ஏதாவது தப்பு பண்றேனா டீச்சர்?"

"இல்லம்மா. இந்தச் சத்தம் உங்களுக்கு இல்ல. எனக்கு."

காலை இழுத்து சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். வண்டி போனது. முன்னால் சிக்னல் சிவப்புக்கு மாறியது. தையல்காரம்மா எப்போதும் போல பிரேக்கை மெல்ல மிதித்தார். வண்டி எப்போதும் போல நிற்கவில்லை. முன்னால் நின்ற காய்கறி வேனின் பின்கதவு விடுவிடுவென்று நெருங்கி வந்தது. டீச்சர் பாய்ந்து பெடலை அழுத்தினார், பஸ்ஸர் அலறியது. வேனுக்கும் காருக்கும் நடுவே ஒரு ஆள் நுழைய முடியாத இடைவெளியில் வண்டி நின்றது.

இருவரும் மூச்சு வாங்கினார்கள்.

"பார்த்தீங்களா டீச்சர்," என்றார் தையல்காரம்மா, "பரீட்சையிலயும் இப்படித்தான். அதே அளவு மிதிக்கிறேன், ஆனா நிக்க மாட்டேங்குது."

டீச்சர் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. வண்டி நடுங்கியதற்கு மட்டுமல்ல, அத்தனை பேர் கோட்டைத் தாண்டியதற்கும் காரணம் இந்தக் கால்தான். பிரேக்கில் பாதியை இவர் போட்டார். மீதிப் பாதியை மட்டும் அவர்கள் போட்டார்கள். அதுதான் முழு பிரேக் என்று அவர்கள் பாதம் படித்து வைத்திருந்தது. இவர் இல்லாத வண்டியில் அந்தப் பாதி போதவில்லை. அதற்குப் பதட்டம் என்று பெயர் வைத்து, மூச்சை இழுத்து விடச் சொன்னவர் இவர்.

வருஷா வருஷம் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிற இந்தக் கால் எப்போது அங்கே போய்க் குடியேறியது என்றும் அவருக்குத் தெரிந்தது. தொழில் ஆரம்பித்த புதிதில் ஒரு பெண் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை அழுத்திவிட்டாள். டீச்சர் அந்த நொடி கண்ணாடியில் பின்னால் வரும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் நடைபாதையில் ஏறி ஒரு சுவரில் முட்டியது. நடைபாதையில் யாரும் இல்லை. அந்தப் பெண்ணின் மணிக்கட்டு முறிந்தது, பிறகு கூடியது. அதோடு முடிந்த விஷயம் என்றுதான் டீச்சர் நினைத்திருந்தார். அவர் கால் அப்படி நினைக்கவில்லை.

"டீச்சர், தண்ணி குடிக்கிறீங்களா?" என்று தையல்காரம்மா பாட்டிலை நீட்டினார்.

டீச்சர் குடித்தார். பிறகு விஷயத்தை மறைக்காமல் சொன்னார். பரீட்சையில் தோற்றதில் உங்கள் தப்பு பாதிகூட இல்லை என்றார். தையல்காரம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப ஷெட்டுக் கதவும் உங்க கணக்குலதான்" என்றார். டீச்சர் முகத்தில் ஈயாடாததைப் பார்த்ததும், "அட, சும்மா சொன்னேன் டீச்சர். நெளிஞ்ச கதவு இப்பத்தான் நல்லா மூடுது" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து பாடம் கிடங்குகளின் பின்னால் இருந்த காலி மைதானத்துக்கு மாறியது. ஒரு செங்கல்லை வைத்துவிட்டு அதன் முன்னால் நிறுத்து, மறுபடி நிறுத்து, இன்னும் மெதுவாக நிறுத்து என்று பிரேக் மட்டும்தான் பாடம். தையல்காரம்மா முதலில் செங்கல்லை உடைத்தார். பிறகு செங்கல்லுக்கு வெகு தூரத்திலேயே தலை குப்புற விழுகிற மாதிரி நிறுத்தினார். பிறகு ஒருவழியாகக் காலுக்கு அளவு பிடிபட்டது.

அந்த அம்மாவை விட டீச்சருக்குத்தான் பாடம் கடினமாக இருந்தது. பஸ்ஸர் ஓயாமல் கத்தியது. செருப்பைக் கழற்றிப் பார்த்தார். காலை மடித்து உட்கார்ந்து பார்த்தார். இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்து வைத்துக்கொண்டார். பெடலில் கால் இல்லை என்று தெரிந்ததும் சீட்டின் ஓரத்தை இறுகப் பற்றிக்கொண்டார். வீட்டில் கணவரிடம், "இத்தனை வருஷமா நான் தைரியசாலின்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றார். அவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "நீ தைரியசாலிதான். உன் கால்தான் கோழை" என்றார். முதலில் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது. கால் சும்மா இருந்தால் பல வருஷமாகப் படுத்துகிற கெண்டைக்கால் வலியும் போய்விடும் என்று ஒரு நப்பாசை இருந்தது. அது போகவில்லை. அது வேறு ஏதோ வலி.

தம்பி புது டிஸ்க் மாட்டிக் கொடுத்தான். "நான் அப்பவே சொன்னேன்" என்று அவன் சொல்லவில்லை. சொல்லாமலேயே அதை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றான். "வாயத் திறந்து சொல்லித் தொலையேன்டா" என்றார் டீச்சர். "எதுக்குக்கா வம்பு?" என்று அவன் வீல் நட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். மலிவு சாமான் என்று சொன்னதற்கு அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. அவனுக்குப் பிடித்த மீன் குழம்பு ஒரு பாத்திரத்தில் கடைக்கு வந்து சேர்ந்தது, அதோடு சரி.

பரீட்சை நாளில் டீச்சர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தூரத்தில் வெள்ளைக் கார் வளைந்து வருவது தெரிந்தது. அவர் கால் தரையைக் கெட்டியாக மிதித்தது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். கார் கோட்டுக்கு முன்னால், கொஞ்சம் அதிகமாகவே முன்னால், ஒரு குலுக்கலோடு நின்றது. அதிகாரியின் மடியிலிருந்த தாள்கள் காலடியில் சிதறின. இறங்கி வந்த தையல்காரம்மா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "நின்னுடுச்சு டீச்சர்" என்றார். அதிகாரி, சீக்கிரம் நிறுத்தியதற்காக யாரையும் தோற்கடித்ததில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம். அடுத்த வாரமே சீருடை மூட்டைகள் சொந்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போயின. கணவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழி சொன்னார். அவருக்குத் தெரியாத சந்து அந்த ஊரில் இல்லை.

டீச்சர் அதோடு விடவில்லை. போனில் இருந்த பழைய மாணவர்களின் எண்களைத் தேடித் தேடிக் கூப்பிட ஆரம்பித்தார். பேச்சைச் சுற்றி வளைக்கவில்லை. "என் கால் பிரேக்ல இருந்துச்சு. நீங்க சரியா பிரேக் போடக் கத்துக்கல. அதுக்குக் காரணம் நான். ஒருநாள் வாங்க, சொல்லித் தரேன். காசு வேண்டாம்." சிலர் சிரித்தார்கள். சிலர், நாங்களாகவே பழகிக்கொண்டோம் என்றார்கள். ஒரு பெண், "அப்ப என் மாமியார் சொன்னது தப்பு! எனக்கு மூளையே இல்லன்னாங்க" என்று கத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டு மறுபடி சொல்லச் சொன்னாள். டீச்சர் மறுபடி சொன்னார். ஒருவர், இதற்காக வக்கீலைப் பார்க்கப் போவதாகச் சொன்னார், பிறகு பேச்சில்லை.

ஒரு வங்கி ஊழியரின் எண்ணை மட்டும் டீச்சர் பல நாள் தள்ளிப்போட்டார். நல்ல மனிதர், கூச்ச சுபாவம். லைசென்ஸ் வாங்கிப் புது வண்டியும் வாங்கினார். ஒருமுறை கேட்டில், ஒருமுறை எதிர்வீட்டுத் தூணில் என்று இடித்துவிட்டு வண்டியை விற்றுவிட்டதாகக் கேள்வி. கடைசியில் ஒரு மதியம் டீச்சர் அவரைக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சார், இருக்கீங்களா?"

"இருக்கேன் டீச்சர். பஸ் ஸ்டாப்ல நிக்கறேன்." பிறகு அவர் கேட்டார், "அப்படின்னா, எனக்கு ஓட்ட வராதுன்னு இல்லையா?"

"இல்ல சார். உங்களுக்குப் பாதி நான் சொல்லியே தரல."

"வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே, இது நமக்கு சரிப்படாதுன்னு. பிள்ளைங்க என்னை வெச்சு ஜோக் எல்லாம் பண்ணுவாங்க."

வண்டியைத் திருப்பி வாங்கித் தர டீச்சரால் முடியாது. மன்னிச்சிடுங்க என்று வாய்வரை வந்தது. வந்ததைச் சொல்லியும் விட்டார். தம்பியிடம் சொல்லாததை இவரிடம் சொன்னார்.

"அதெல்லாம் எதுக்கு டீச்சர்," என்றார் அவர். மறுபடி ஒரு பஸ் வந்து நின்று கிளம்பியது. அவர் அதில் ஏறவில்லை போலிருக்கிறது. "ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"

"வாங்க."

ஞாயிற்றுக்கிழமை அவர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். டீச்சர் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறி, இரண்டு கால்களையும் மடித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கிளப்புங்க சார்," என்றார். "மெதுவாப் போங்க. எங்க நிறுத்தணும்னு நீங்களே பார்த்து நிறுத்துங்க."